மொரிஷியஸில் பப்ளிக் பீச்: அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

கொங்குப்பயணி:

வணக்கம் மக்களே. மே மாத லீவுக்கு மொரிஷியஸ் போகிறோம். நான், மனைவி, 6 வயசுப் பையன், அப்புறம் என் அம்மா. ரிசார்ட் வாடகையெல்லாம் பார்த்துத் தலை சுற்றியதால், மேற்குக் கரையில் ஃபிளிக்-என்-ஃபிளாக் ஊரில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்துவிட்டோம். கடலுக்கு நடந்தே போய்விடலாம் என்று போட்டிருக்கிறது, ஆனால் அந்த வீட்டுக்கென்று தனியாகக் கடற்கரை கிடையாது, எதிரில் இருப்பது 'பப்ளிக் பீச்'.

டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டிடம் இதைச் சொன்னதும் முகம் சுளிக்கிறார். "பப்ளிக் பீச்சா சார்? அங்கே லோக்கல் ஆட்கள்தான் வருவாங்க, ஒரே கூட்டம், பொருளெல்லாம் காணாமப் போகும், நான் ரிசார்ட் பீச்சுக்கு டே பாஸ் வாங்கித் தர்றேன்" என்கிறார். நாலு பேருக்கு அவர் சொன்ன தொகைக்கு இங்கே ஒரு மாத மளிகையே வாங்கிவிடலாம்.

என் கவலைகள் வேறு. அம்மா புடவையைத் தவிர எதுவும் உடுத்தமாட்டார், ஆனால் கடலைப் பார்த்தால் முழங்கால் வரையாவது இறங்காமல் வரமாட்டார். எல்லாரும் நீச்சல் உடையில் இருக்கிற இடத்தில் அவருக்குச் சங்கடமாக இருக்குமா? பையன் இறங்குகிற அளவுக்குக் கடல் சாதுவா, இல்லை மெரினா மாதிரி காலை வாருமா? சுறா கிறா உண்டா? சைவச் சாப்பாடு கிடைக்குமா (அம்மா முட்டை கூடத் தொடமாட்டார்)? யூடியூபில் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போகாதே என்கிறார், இன்னொருத்தர் ஞாயிறுதான் போகணும் என்கிறார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏபென்வாசி:

நான் இங்கே வேலைக்கு வந்து செட்டில் ஆனவன், வாரக் கடைசியில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பப்ளிக் பீச்சில்தான் கிடப்பேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் ஏஜென்ட் விற்கப் பார்க்கிற சமாச்சாரம். 'ரிசார்ட் பீச்' என்று அவர் சொல்வது ரிசார்ட்டுக்குச் சொந்தமானது கிடையாது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்திலிருந்தே இந்தத் தீவைச் சுற்றிக் கடலோரமாக ஏறக்குறைய 81 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை நிலம் அரசாங்கத்துக்கென்று ஒதுக்கப்பட்டது, 'பா ஜியோமெத்ரிக்' என்பார்கள். பெரிய ஹோட்டல்கள் பலவும், கடலைப் பார்த்த பங்களாக்கள் பலவும் அந்தப் பட்டையைக் குத்தகைக்கு எடுத்துத்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதுவும் நிலம் மட்டும்தான் குத்தகை. கடல் ஏறி வந்து தொடுகிற கோட்டுக்குக் கீழே உள்ள மணல் பொதுச்சொத்து, அதை யாரும் குத்தகைக்கு விடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. எந்த ஐந்து நட்சத்திர ஹோட்டல் முன்னாலும் நீங்கள் அந்த ஈரமணலில் நடக்கலாம், குளிக்கலாம். அவர்கள் போட்டிருக்கிற சாய்வு நாற்காலியில் உட்காரக்கூடாது, ஹோட்டலுக்குள் புகுந்து வழி கேட்கக்கூடாது, அவ்வளவுதான். காவலாளி முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும்.

'பப்ளிக் பீச்' என்பது அரசு முறையாக அறிவித்துப் பலகை வைத்த இடம். தீவில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, 2002-ல் சட்டம் போட்டு ஏற்படுத்திய பீச் அத்தாரிட்டி என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. கழிப்பறை, குப்பைத்தொட்டி, பார்க்கிங் இதெல்லாம் அவர்கள் பொறுப்பு. கழிப்பறை ஒரு பீச்சில் பளிச்சென்று இருக்கும், அடுத்த பீச்சில் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும், அதைச் சொல்லிவிட வேண்டும். ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயம் எவ்வளவு முக்கியம் என்றால், சில வருஷம் முன்னால் தெற்கே பொம்பொனெத் என்ற பப்ளிக் பீச்சை ஹோட்டல் கட்டக் கொடுக்கப் போய், மக்கள் வேலியை எதிர்த்துத் தெருவில் இறங்கிவிட்டார்கள். 'அரெத் கொக்கென் நு லாப்ளாஸ்' என்றே ஒரு இயக்கம் இருக்கிறது, எங்கள் பீச்சைத் திருடாதே என்று அர்த்தம். "லோக்கல் ஆட்கள் வருவார்கள்" என்று உங்கள் ஏஜென்ட் குறையாகச் சொல்கிறாரே, அவர்கள் கடற்கரைக்குத்தான் நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள்.

புடவை பற்றி: கவலையே வேண்டாம். தீவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்திய வம்சாவளி. சுடிதாரோடும் புடவையோடும் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கதை பேசுகிற பாட்டிகளை ஞாயிற்றுக்கிழமை எந்த பீச்சிலும் பார்க்கலாம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி கங்கா அஸ்னான் என்று ஒரு விழா வரும், அன்றைக்குக் குடும்பம் குடும்பமாகக் கடலில் இறங்கி விளக்கேற்றிப் பூஜை செய்வார்கள். பக்கத்திலேயே பிகினியில் ஐரோப்பியர் படுத்திருப்பார். யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் நிறையப் பேர், ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கும், தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு, ஆனால் பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். அம்மா யாரிடமாவது தமிழில் ஆரம்பித்தால் வாய் நிறையச் சிரிப்பார்கள், பதில் வராது.

ஐந்துநட்சத்திரம்:

எல்லாம் சரி, ஆனால் எதிர்ப்பக்கமும் யாராவது சொல்ல வேண்டும். வருஷத்தில் ஒரு தடவை காசு செலவழித்து அவ்வளவு தூரம் போய், மர நிழலுக்கு இடம் பிடித்துப் பையைக் காவல் காத்துக்கொண்டு உட்காருவதற்கு நம் ஊர் பீச்சிலேயே உட்காரலாமே. தெருநாய் வேறு நிறைய, சாப்பாட்டைப் பிரித்தால் சுற்றி நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் சத்தத்தில் கடல் சத்தமே கேட்காது. ரிசார்ட்டில் குழந்தைக்குக் குளம், நல்ல தண்ணீரில் குளியல், சுத்தமான டாய்லெட், துண்டு எல்லாம் தருகிறான். வயசானவர் கூட வரும்போது இதெல்லாம் ஆடம்பரம் இல்லை.

மதுரைமல்லி:

@ஐந்துநட்சத்திரம் நாய் விஷயம் உண்மை, நானும் பார்த்தேன், கடிக்கிற சுபாவம் இல்லை ஆனாலும் சின்னப் பிள்ளை கையில் பிஸ்கட்டோடு ஓடினால் பின்னாலேயே வரும். மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் முதலில் ரிசார்ட்டில் தங்கி அப்புறம் வீட்டுக்கு மாறினோம், ரிசார்ட்டில் என் மாமியாருக்குப் பொழுதே போகவில்லை, பேச ஆள் இல்லை, சாப்பாட்டு நேரத்தில் அத்தனை வகை பரப்பி வைத்தும் அவருக்கு ரொட்டியும் பழமும்தான். பப்ளிக் பீச்சுக்குப் போன அன்றைக்குத்தான் முகம் மலர்ந்தது.

மோன் ஷ்வாஸி என்று வடக்கே ஒரு பீச், நீளமான சவுக்குத் தோப்பு. (சவுக்கை அங்கே ஃபிலாவோ என்கிறார்கள்.) நாங்கள் போனது ஞாயிறு காலை. பத்து மணிக்கெல்லாம் ஒவ்வொரு மரத்தடிக்கும் ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது, பாய், மடக்கு மேஜை, ஐஸ்பெட்டி, கேஸ் அடுப்பு, துணியால் மூடிக் கட்டின பெரிய பிரியாணிக் குண்டான், வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டி அத்தனை பேரும். எங்களுக்குப் பக்கத்து மரத்தடியில் ஒரு பெரியவர் நாலு சுள்ளியைக் கொளுத்தி, வட்டமான பெரிய தோல்மேளத்தைத் தீயில் காட்டிக்காட்டி விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பறையைக் காய்ச்சுகிற அதே வேலை. ராவான் என்று பெயராம், ஆட்டுத்தோல். சத்தம் ஏறினதும் வாசிக்க ஆரம்பித்தார், கூட ஒரு பையன் தகரப்பெட்டி மாதிரி ஒன்றைக் குலுக்குகிறான், ஒரு அம்மா எழுந்து, காலை மணலை விட்டுத் தூக்காமலேயே இடுப்பை மட்டும் அசைத்து ஆடுகிறார். சேகா ஆட்டம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களிடம் பிறந்தது, 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது என்று பிறகு படித்தேன். ஹோட்டலிலும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பாவாடை கட்டிவிட்டு இதையே ஆடுவார்கள், நமக்காக ஆடுகிறார்கள் என்று நன்றாகத் தெரியும். இங்கே அவர்களுக்காக அவர்கள் ஆடினார்கள். என் மாமியாருக்குத் தட்டு நிறையப் பிரியாணி வந்தது, சைவம் என்று கையை ஆட்டினதும் தட்டு திரும்பிப் போய் லிச்சி ஜூஸும் வாழைப்பழமும் வந்தது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை உங்கள் அம்மாவுக்குத் தால் பூரி போதும். கடலைப்பருப்பை வேகவைத்துப் பொடித்து உள்ளே வைத்த மெல்லிசு ரொட்டி, நம் போளியை இனிப்பில்லாமல், காகிதக் கனத்தில் இட்ட மாதிரி. இரண்டு ரொட்டி சேர்த்துத்தான் விற்பார்கள். மேலே பெரிய மொச்சைக் குழம்பு ஒரு கரண்டி, தக்காளித் தொக்கு, பச்சைமிளகாய்ச் சட்னி தடவி, தாளில் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். குழம்பு கீழ்ப்பக்கமாக ஒழுகும், நின்றுகொண்டே குனிந்து சாப்பிட வேண்டும், புடவையில் கறை ஆகாமல் அம்மாவுக்கு ஒரு தட்டு வாங்கிக்கொடுங்கள். காத்தோ பிமா என்பது பருப்பு வடைதான், சின்னச் சின்னதாக இருக்கும். சில வண்டிகளில் அதே எண்ணெயில் இறாலும் பொரிப்பார்கள், பார்த்து வாங்கணும். அன்னாசியைக் காம்போடு பிடித்துக் கண்ணெல்லாம் சுருள் சுருளாகச் சீவி, புளித்தண்ணியும் மிளகாய் உப்பும் போட்டுத் தருவதை விட்டுவிடாதீர்கள்.

சொல்ல மறந்தது, படகுக்காரர்கள். பீச்சிலேயே வந்து கூப்பிடுவார்கள். எங்களிடம் ஒரு ஆள் ஒரு தொகை சொல்லி ஏற்றிவிட்டு, நடுக்கடலில் கண்ணாடி முகமூடிக்குத் தனி, பிள்ளைக்குத் தனி என்று ஏற்றினார். என்னென்ன சேர்த்தி என்பதைக் கரையிலேயே எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

கடல்காக்கா:

ஆளுக்கு ஒரு ரப்பர் செருப்பு, பாதத்தை முழுசா மூடுவது. முதலில் அதை வாங்குங்கள், மற்ற பேச்சு அப்புறம்.

மொரிஷியஸைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழுசாகவே பவளத்திட்டு வேலி போட்டிருக்கிறது, 150 கிலோமீட்டர் என்று கணக்கு. பெரிய அலை அங்கேயே உடைந்துவிடும். வேலிக்கு உள்ளே லகூன், பல இடத்தில் இடுப்பு ஆழம்தான், குழந்தைக்கு நல்லது. ஆனால் அடியில் உடைந்த பவளம் கத்தி மாதிரி, நடுவில் கடல் முள்ளெலி, எப்போதாவது கல்மீன். கல்மீன் பாறை போலவே அசையாமல் கிடக்கும், மிதித்தால் முதுகு முள்ளில் கடும் விஷம். பட்டுவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆம்புலன்ஸ் எண் 114.

வேலியில் ஆங்காங்கே இடைவெளி உண்டு, 'பாஸ்' என்பார்கள். உள்ளே வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே பாயும். மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாக இருக்கும், அங்கேதான் இழுக்கும். வெள்ளை நுரைக் கோடு எங்கே அறுந்திருக்கிறது என்று கரையிலிருந்தே பாருங்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். லெ மோர்ன் மலையடியில் போட்டோ நன்றாக வரும், நீரோட்டமும் நன்றாகவே இருக்கும். தெற்கே கிரி-கிரி என்ற இடத்தில் வேலியே கிடையாது, அலை நேராகப் பாறையில் வந்து அடிக்கும், அங்கே பார்ப்பதோடு சரி. உயிர்காப்பாளர் எல்லா பீச்சிலும் இல்லை, இருக்கிற இடத்திலும் பகலில் மட்டும்.

சுறா: லகூனுக்குள் பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் படித்தது பக்கத்துத் தீவான ரீயூனியன் கதையாக இருக்கும். அங்கே 2011-லிருந்து அடுத்தடுத்துத் தாக்கியதால் 2013-ல் பெரும்பாலான இடங்களில் கடலில் குளிக்கவே தடை போட்டார்கள்.

கொங்குப்பயணி:

அடேங்கப்பா, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. டே பாஸ் வேண்டாம் என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டேன், மனுஷன் போனை வைத்த வேகத்திலேயே தெரிந்தது. @ஐந்துநட்சத்திரம் நீங்கள் சொன்ன டாய்லெட் விஷயத்தை மனைவியும் பிடித்துக்கொண்டாள், வீடு பக்கத்திலேயே இருப்பதால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். மே மாதம் அங்கே குளிர்காலம் என்கிறார்கள், கடலில் இறங்க முடியுமா? அப்புறம் ப்ளூ பே போகலாம் என்று ஆசை, ஆனால் அந்தப் பக்கம் ஒரு கப்பல் உடைந்து எண்ணெய் கசிந்தது என்று படித்த ஞாபகம். கார் எடுக்காமல் பஸ்ஸிலேயே சுற்ற முடியுமா? (மூன்றாகிவிட்டது, மன்னிக்கவும்.)

ஏபென்வாசி:

மே நல்ல மாதம். புயல் சீசன் பெரும்பாலும் முடிந்திருக்கும், கடல் இன்னும் சூடு ஆறியிருக்காது. குளிர் என்று உள்ளூர்க்காரர்கள் ஸ்வெட்டர் போடுவது ஜூலை, ஆகஸ்டில், அதுவும் கியூர்பீப் மாதிரி மேட்டு ஊர்களில். மே முதல் தென்கிழக்குக் காற்று பிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும் கவனியுங்கள். பெல் மார் உள்பட கிழக்குக் கரை முழுக்க மணலை வாரி முகத்தில் அடிக்கும் நாட்கள் இருக்கும். நீங்கள் எடுத்திருக்கும் மேற்குக் கரைக்கு நடுவில் மலை மறைப்பு உண்டு, அதே நாளில் அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். சூரியன் கடலில் இறங்குவதும் உங்கள் பக்கம்தான், ஆனால் மே மாதம் ஆறு மணிக்கு முன்னாலேயே அஸ்தமனம் ஆகிவிடும், நாலரைக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிடுங்கள்.

ப்ளூ பே தாராளமாகப் போகலாம். வாகாஷியோ என்ற ஜப்பான்காரர் கப்பல் 2020 ஜூலை 25 அன்று பக்கத்திலுள்ள புவாந்த் தெஸ்னி எதிரில் திட்டில் ஏறி நின்றது, ஆகஸ்டில் ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கசிந்தது. ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை தைத்துக் கடலில் போட்டார்கள், தலைமுடியைக் கூட வெட்டிக் கொடுத்தார்கள். எண்ணெய் பெரும்பாலும் வடக்கே மாயெபூர் பக்கம் ஒதுங்கியதால் ப்ளூ பே பெரிய அடியிலிருந்து தப்பியது. அங்கே பவளத்துக்கு வந்திருக்கிற கேடு கடல்நீர் சூடாவதால் வந்தது, பல இடத்தில் வெளுத்துக் கிடக்கிறது. கண்ணாடி அடிப் படகில் போனால் அம்மாவும் காலை நனைக்காமல் மீன் பார்க்கலாம். அது பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. அங்கே மட்டுமில்லை, தீவில் எங்கேயும் பையன் பவளத் துண்டு, சங்கு என்று பொறுக்கிப் பையில் போட்டால் ஏர்போர்ட்டில் மாட்டும், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.

பஸ் மலிவு, பத்திரம், ஆனால் கடலோர ஊர்களுக்கு மாலை ஆறு, ஆறரையோடு அடங்கிவிடும். மெட்ரோ ரயில் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பீப் வரை உள்நாட்டு ஊர்கள் வழியாகத்தான் ஓடுகிறது, பீச்சுக்கு உதவாது. ஃபிளிக்-என்-ஃபிளாக்கில் இருந்து ப்ளூ பேக்கு பஸ்ஸில் என்றால் தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை, இடையில் மாறி மாறி ஏற வேண்டும், அம்மாவோடு அது வேண்டாம். அந்த ஒரு நாளைக்கு மட்டும் டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரே ஆள் சொல்வார். வழியில் கப்பல் பொம்மைக் கடை, வைரக் கடை என்று டிரைவர் நிறுத்தினால் கமிஷனுக்கு என்று புரிந்துகொண்டு இறங்காமல் உட்கார்ந்திருங்கள். மற்ற நாளெல்லாம் உங்கள் வீட்டு எதிர் பீச்சே போதும்.

மதுரைமல்லி:

யுபிஐ 2024-லிருந்து அங்கே வந்துவிட்டது, அதை நம்பிக் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள், தால் பூரி வண்டியிலும் அன்னாசிக்காரரிடமும் சில்லறைதான் செல்லும். ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே போய் மரத்தடி பிடியுங்கள், உட்காரும் முன்னால் கீழே கிடக்கிற சவுக்குக் காயைப் பெருக்கித் தள்ளிவிடுங்கள், பாயைத் தாண்டிக் குத்தும். அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று அங்கேயே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவிடலாம், ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.